டொட் 4 ஊற்றுவதற்கு முன்: உப்புக்காற்றில் ஓடும் மவுண்டன் பைக்கின் ஹைட்ரோலிக் பிறேக்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மட்டக்களப்பின் ஆரையம்பதியில் இருந்து, வாவியின் மேலுள்ள மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் நாளாந்தம் போய் வருகிறீர்கள். வண்டி, ஷிமானோ எம்.டி.200 ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக் பூட்டப்பட்ட, இன்னொருவர் பாவித்துக் கொடுத்த மவுண்டன் பைக். மாரி மழை தொடங்கியதில் இருந்து முன் பிறேக் கிறீச்சிடுகிறது; இறுக்கிப் பிடித்தாலும் வண்டி நிற்கத் தாமதிக்கிறது. பின் சில்லின் ரியூப்புக்கு ஒட்டுப் போட்ட நாளில் இருந்து பின் பிறேக்கின் லீவர் ஹாண்டில் வரை வந்துவிடுகிறது. டொட் 4 பிறேக் ஒயில் ஒரு போத்தல் வாங்கி இரண்டுக்கும் ஊற்றினால் சரியாகிவிடும் என்று மோட்டார் சைக்கிள் திருத்துபவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஊற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

ஊற்ற வேண்டாம். மோட்டார் சைக்கிளின் பிறேக்குக்கு அவர் சொல்வது சரி; உங்கள் சைக்கிளின் பிறேக்குக்கு அது பொருந்தாது. டொட் 3, டொட் 4, டொட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கோல் ஈதர் வகையைச் சேர்ந்த திரவங்கள். அவற்றைப் பாவிக்கும் பிறேக்குகளின் சீல்கள் ஈ.பி.டி.எம். என்னும் றப்பரால் செய்யப்படுகின்றன. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ ஆகிய நிறுவனங்களின் சைக்கிள் பிறேக்குகளோ மினரல் ஒயிலுக்கென வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் சீல்கள் வேறு வகை றப்பர். ஒன்றுக்குரிய திரவம் மற்றொன்றின் சீலில் பட்டால் அந்த றப்பர் ஊதி மென்மையாகி, பிஸ்டன் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இறுகி, கடைசியில் கசியத் தொடங்கும். ஊற்றிய அன்றே இது நடக்காது என்பதுதான் வில்லங்கம்: முதலில் பிறேக் நன்றாகவே பிடிப்பதுபோல இருக்கும், திருத்தியவரும் தன் வேலை சரிவந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஸ்ராம், ஹோப் போன்றவற்றின் பெரும்பாலான பிறேக்குகள் டொட் திரவத்தில் இயங்குபவை. ஆனால் ஸ்ராமின் புதிய மொடல்கள் சில மினரல் ஒயிலுக்கு மாறிவிட்டன. ஆகவே நிறுவனத்தின் பெயரை வைத்து ஊகிக்காமல், லீவரில் உள்ள ஒயில் தாங்கியின் மூடியில் என்ன பொறித்திருக்கிறது என்பதை வாசித்த பிறகே போத்தலைத் திறக்க வேண்டும். பாமசியில் கிடைக்கும் திரவப் பரபினும் இதற்கு உதவாது. அது பிறேக்குக்குரிய ஒயிலைவிட மிகத் தடித்தது. லீவர் மந்தமாகத்தான் திரும்பும்.

அடுத்ததாக, நீங்கள் சொன்ன இரண்டு முறைப்பாடுகளிலும் ஒயில் குறைந்திருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. ஹைட்ரோலிக் பிறேக் ஒரு மூடிய தொகுதி. எங்காவது கசிந்தால் ஒழிய ஒயில் வெளியே போகாது. சில்லோடு சுற்றும் டிஸ்கை இரு பக்கமும் கவ்வும் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து, அந்த இடைவெளியை நிரப்பத் தாங்கியில் உள்ள ஒயில் கீழே இறங்கும். புதிய பேட் போடுவதற்காகப் பிஸ்டன்களை உள்ளே தள்ளும்போது அதே ஒயில் மேலே திரும்பும். தேய்ந்த பேட்டுடன் இருக்கும் தொகுதியில் தாங்கியை நிரப்பிவிட்டால், பேட் மாற்றும் நாளில் பிஸ்டன்கள் உள்ளே போக இடமிருக்காது. பலமாகத் தள்ளினால் தாங்கிக்குள் இருக்கும் மெல்லிய றப்பர் சவ்வு கிழியும். அது கிழியாவிட்டாலும், ஒயில் விரிவதற்கு இடமில்லாத அந்தப் பிறேக், நண்பகல் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பார்க்கும்போது தானாகவே பாதி பிடித்தபடி இருக்கும். பேட்டின் தடிப்பைப் பாராமல் ஒயில் சேர்ப்பது, திரவம் சரியானதாக இருந்தாலும், பிழையான வேலை.

நான் எந்த ஹைட்ரோலிக் பிறேக்கைப் பார்த்தாலும் ஸ்பானரைக் கையில் எடுக்க முன்னர் லீவரை அழுத்தி மூன்று விடயங்களைக் கவனிப்பேன். லீவர் எந்த இடத்தில் நிற்கிறது, அந்த இடம் கல்லுப்போல உறுதியாக இருக்கிறதா பஞ்சுபோல அமுங்குகிறதா, அப்படி அழுத்தியிருக்கும்போது சில்லு உண்மையில் நிற்கிறதா. உறுதியாக நிற்கும் லீவர், ஆனால் நிற்காத சில்லு என்றால் ஒயிலில் குறையில்லை. குறை பேட்டுக்கும் டிஸ்குக்கும் இடையில் இருக்கிறது. அமுங்கும் லீவர், சில தடவை விட்டுவிட்டு அழுத்தியதும் உயர்ந்து வருமானால் உள்ளே காற்று இருக்கிறது. ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்போது லீவர் மெல்ல மெல்லக் கீழே இறங்குமானால் எங்கோ கசிகிறது, அல்லது லீவருக்குள் இருக்கும் பிரதான பிஸ்டனின் சீல் பழுது. உங்கள் முன் பிறேக் முதலாவது வகை, பின் பிறேக் இரண்டாவது வகை. மூன்றாவது வகையாக இருந்தால் மட்டும் அந்த வண்டியில் ஏற வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

பின் பிறேக்கை முதலில் பார்ப்போம். ஒட்டுப் போட்ட நாளில் இருந்து என்று நீங்களே சொன்னதுதான் இதற்கு விடை. நம் பக்கத்தில் எந்த ஒட்டுக் கடைக்குப் போனாலும் சைக்கிளை ஆசனத்திலும் ஹாண்டிலிலும் தலைகீழாக நிறுத்திவிட்டே சில்லைக் கழற்றுவார்கள். கம்பிப் பிறேக் வண்டிக்கு அதனால் கேடில்லை. ஹைட்ரோலிக் வண்டியில் ஒயில் தாங்கி லீவரிலேயே இருக்கிறது. தாங்கியில் கொஞ்சம் காற்று இருந்தால் நிமிர்ந்த நிலையில் அது மேலே ஒதுங்கிக் கிடக்கும். தலைகீழானதும் அந்தக் காற்று, தாங்கிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள சின்னத் துவாரத்தின் வழியே குழாய்ப் பக்கம் ஏறிவிடுகிறது. அந்த நிலையில் யாராவது லீவரை அழுத்தினால் குமிழி இன்னும் உள்ளே போகும். ஒயில் நெருக்கத்துக்கு அமுங்காது, காற்று அமுங்கும். நீங்கள் லீவரில் கொடுக்கும் விசை பிஸ்டனைத் தள்ளாமல் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது.

இதைத் திருத்துவதற்கு முதலில் எதையும் கழற்றத் தேவையில்லை. வண்டியின் முன் சில்லு மேலே, பின் சில்லு நிலத்தில் இருக்கும்படி சுவரோடு சாய்த்து அல்லது வளையில் தொங்கவிட்டு, பேட்டும் பிஸ்டனும் இருக்கும் கலிப்பரில் இருந்து லீவர் வரை குழாய் தொடர்ந்து மேல்நோக்கி ஏறும்படி வையுங்கள். தாங்கி மட்டமாக இருக்கும்படி லீவரின் பிடியாணியைச் சற்றுத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு லீவரை மெதுவாக அழுத்தி மெதுவாக விடுங்கள். இடையிடையே குழாயையும் கலிப்பரையும் விரல் நுனியால் தட்டுங்கள். பல தடவை செய்த பிறகு, பழைய ரியூப்பில் வெட்டிய ஒரு துண்டால் லீவரை ஹாண்டிலோடு சேர்த்துக் கட்டி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அழுத்திய நிலையில் அந்தத் துவாரம் மூடியிருக்கும். குமிழிகள் குழாய் வழியே ஏறி அதன் கீழே வந்து சேரும். காலையில் கட்டை அவிழ்த்ததும் தாங்கிக்குள் போய்விடும். பெரும்பாலான வண்டிகளில் காலையில் லீவர் பழைய இடத்துக்கு வந்திருக்கும். ஆனால் தாங்கியில் காற்று இருக்கும்வரை அடுத்த ஒட்டுக் கடையில் இதே கதை திரும்பும். ஆதலால் வசதிப்பட்ட ஒரு நாளில் முறையாகக் காற்று எடுத்துவிடுவது நல்லது. அதுவரை ஒட்டுப் போடும்போது வண்டியைத் தொங்கவிட்டோ பக்கவாட்டில் சாய்த்தோ சில்லைக் கழற்றச் சொல்லுங்கள். சில்லு இல்லாத நேரத்தில் லீவரை யாரும் தொடாதபடி கலிப்பருக்குள் மடித்த மட்டை ஒன்றைச் செருகுங்கள். அழுத்திவிட்டால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது டிஸ்க் உள்ளே போகாது. பஸ்ஸின் மேலோ லொறியிலோ வண்டியை ஏற்றி அனுப்புவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

காலையிலும் லீவர் தாழ்வாகவே இருந்தால், காற்றைச் சந்தேகிக்க முன்னர் பின் பேட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். உராயும் பகுதி 0.5 மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோவின் அளவு. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் கிரவல் வீதிகளில் மாரிகாலத்தில் எழும் சேறு, டிஸ்குக்கும் பேட்டுக்கும் இடையில் அரத்தாள்போல வேலை செய்கிறது. கோடையில் நெடுங்காலம் நின்ற ரெசின் (பிசின் கலவை) பேட் ஒரு மழைக்காலத்துக்குள்ளேயே கரைந்துபோவது இங்கு சாதாரணம். நீரிலும் மணலிலும், உலோகத் தூளால் ஆன மெற்றல் பேட் கூடுதலாக நின்றுபிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் விலை குறைந்த வண்டிகளோடு வரும் டிஸ்குகளில், ரெசின் பேட்டுக்கு மட்டும் உரியது என்று பொறித்திருக்கும். அத்தகைய டிஸ்கில் மெற்றல் பேட்டைப் போட்டால் பேட்டுக்கு முன் டிஸ்க் தேயும். ஷிமானோ டிஸ்க் புதிதில் ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர் தடிப்பு, 1.5க்கு வந்ததும் அதன் காலம் முடிந்தது.

இனி முன் பிறேக். லீவர் உறுதி, சத்தம் உண்டு, பிடிப்பு இல்லை என்றால் பேட்டிலும் டிஸ்கிலும் எண்ணெய் பட்டிருக்கிறது என்றுதான் முதலில் கொள்ள வேண்டும். கடற்கரையோரம் இரவு நின்ற வண்டியின் டிஸ்கில் காலையில் மெல்லிய பழுப்புப் படலம் தெரியலாம், முதல் சில பிடிகளில் அது கிறீச்சிடவும் செய்யலாம். அது துரு, கொஞ்சத் தூரத்தில் தானாகவே உரிந்துவிடும். பத்து நிமிடம் ஓடிய பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் அது எண்ணெய். எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். செயினுக்கு விசிறும் ஸ்பிறே காற்றில் பறந்து டிஸ்கில் படுவது ஒரு வழி. ஆனால் அது பெரும்பாலும் பின் சில்லைத்தான் கெடுக்கும். முன் சில்லு கெட்டிருப்பதால் நான் சந்தேகிப்பது சேர்விஸ் ஸ்டேஷனை. சேறு படிந்த சைக்கிளை மோட்டார் சைக்கிளோடு சேர்த்துக் கழுவக் கொடுத்தால், கழுவி முடிந்ததும் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று டீசலையோ பழைய ஒயிலையோ முழு வண்டிக்கும் விசிறிவிடும் இடங்கள் உண்டு. நல்ல எண்ணத்தோடு செய்வதுதான், ஆனால் டிஸ்க் பிறேக்குக்கு அதைவிடக் கேடானது வேறில்லை. அண்மையில் எங்காவது கழுவக் கொடுத்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

டிஸ்கைக் கழற்றவே தேவையில்லை. ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த வெள்ளைத் துணியால் இரு பக்கமும் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துணியின் புதிய பக்கத்தால் மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் எல்லாவற்றையும் இதற்கு நம்ப முடியாது. சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். எண்ணெயைத் துடைக்கப் போய் எண்ணெயைப் பூசியதாகிவிடும். மண்ணெண்ணெய், பெற்றோல் இரண்டும் கூடாது. பேட்டைப் பொறுத்தவரை, மேற்பரப்பு கண்ணாடிபோல மினுங்கினால் மட்டமான இடத்தில் அரத்தாளை விரித்து மினுக்கம் போகும்வரை எட்டு வடிவில் தேய்த்து, அல்ககோலால் துடைத்துத் திரும்பப் போடலாம். எண்ணெய் உள்ளே ஊறிவிட்ட ரெசின் பேட்டுக்கு இதெல்லாம் சில நாள் ஆறுதல் மட்டுமே. அடுப்பில் சுட்டு எண்ணெயை எரிக்கும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். உராயும் பகுதியைத் தகட்டோடு பிடித்திருக்கும் ஒட்டு அதில் பலவீனப்படலாம் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. புதிய சோடியை வாங்குவதே மேல். உங்கள் பிறேக்குக்கு பி01எஸ் வடிவிலான பேட் பொருந்தும். அதே இடத்துக்குப் பிறகு வந்த பி05எஸ் வகையும் போகும். பழைய பேட்டைக் கையோடு கொண்டு போய் அருகருகே வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

புதிய பேட் போட்டவுடன் முழுப் பிடிப்பை எதிர்பார்க்க வேண்டாம். பேட்டில் இருந்து மிக மெல்லிய ஒரு படை டிஸ்கில் ஏறிய பிறகே பிறேக்குக்கு உயிர் வரும். மலைநாட்டில் ஓடுபவர்களுக்கு ஓர் இறக்கத்திலேயே அது நடந்துவிடும். நமக்கோ வாவியில் இருந்து வயல் வரை எல்லாம் சமதரை, பேட் சூடாகவே வாய்ப்பில்லை. பல மாதம் ஓடியும் பிடிப்பு வராத புதுப் பேட்டுகளை இங்கு பார்ப்பதற்கு இதுவே காரணம். ஆகவே வாகனம் குறைந்த, தார் போட்ட நேர் வீதி ஒன்றில் நடுத்தர வேகத்துக்கு மிதித்து, நடை வேகம் வரை ஒரே சீராகப் பிடித்து, சில்லு முழுதாக நிற்க முன்னர் விட்டுவிட வேண்டும். இதை 20 தடவை அளவில் செய்து, பிறகு கொஞ்சம் கூடுதல் வேகத்தில் இன்னும் 10 தடவை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக. அலுப்பான வேலைதான், தவிர்க்க முடியாது.

புதிய பேட்டும் சில கிழமைக்குள் எண்ணெய்ப்பட்டுப் போனால், பேட்டின் பின்புறத் தகட்டையும் பிஸ்டனின் விளிம்பையும் வெள்ளைக் கடதாசியால் ஒற்றிப் பாருங்கள். கடதாசி நனைந்தால் கலிப்பரின் சீலே கசிகிறது. அதற்கெனத் தனியாக சீலை ஷிமானோ விற்பதில்லை. கலிப்பரை மாற்றுவதே வழி.

பேட்டுகளைக் கழற்றிய சந்தர்ப்பத்தில் கலிப்பரின் பிஸ்டன்களையும் பார்த்துவிடுங்கள். உப்புக்காற்று நம் பக்கத்தில் செய்யும் அசல் வேலை அங்கேதான் இருக்கிறது. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கடலை ஒட்டிய ஊர்களின் வண்டிகளில் பிஸ்டனின் வெளித்தெரியும் பகுதியில் உப்பும் பேட் தூளும் சேர்ந்து ஒரு சாம்பல்நிறப் பொருக்காகப் படிந்திருக்கும். லீவரை அழுத்தும்போது ஒரு பிஸ்டன் நகரும், மற்றது நிற்கும். அதனால் டிஸ்க் ஒரு பக்கமாக வளைந்து உரசும், லீவரும் தாழும். பார்ப்பவர் காற்று என்று நினைத்து ஒயிலைத் திறப்பார். நகரும் பிஸ்டனைப் பிளாஸ்ரிக் ரயர் லீவரால் பிடித்துக்கொண்டு, நகராததைச் சில மில்லிமீற்றர் மட்டும் வெளியே வரவிட்டு, அல்ககோல் தோய்த்த பஞ்சுக் குச்சியால் சுற்றிலும் துடைத்து, ஒரு துளி மினரல் ஒயில் தடவி, மீண்டும் உள்ளே தள்ளுங்கள். இதைச் சில தடவை செய்தால் இரண்டும் சமமாக நகரத் தொடங்கும். முடிவில் கலிப்பரின் உட்புறத்தை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க மறக்கக் கூடாது. தள்ளுவதற்கு ஸ்குறூ டிறைவர் பாவிக்க வேண்டாம். பிஸ்டன்கள் பீங்கான் அல்லது ரெசினால் ஆனவை, விளிம்பு உடைந்தால் அதோடு முடிந்தது. பேட்டைப் பிடித்திருக்கும் சிறிய ஊசியும் கலிப்பரின் இரண்டு அலன் ஆணிகளும் இந்தக் காற்றில் இறுகித் துருப்பிடிப்பதால், வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றித் துடைத்துப் பூட்டுவது நல்லது.

திரும்பப் பூட்டும்போது கலிப்பரின் இரு ஆணிகளையும் தளர்வாக வைத்து, லீவரை இறுக்கிப் பிடித்தபடி, ஆணிகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக 6 முதல் 8 நியூட்டன் மீற்றர் வரை இறுக்கினால் டிஸ்க் நடுவில் அமரும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் உரசினால் குறை கலிப்பரில் இல்லை, டிஸ்க் வளைந்திருக்கிறது.

காற்று எடுக்கும் வேலைக்கு வேண்டியவை ஷிமானோ மினரல் ஒயில் ஒரு சிறிய போத்தல், லீவரில் திருகும் புனல், ஒரு சிரிஞ்சும் மெல்லிய குழாயும், பிஸ்டன்களுக்கிடையே வைக்கும் மஞ்சள் கட்டை. அந்த ஒயில் சிவப்பு நிறம். போத்தலில் வேறு நிறம் தெரிந்தால் நிறுத்திவிட்டு விசாரியுங்கள். சில்லையும் பேட்டுகளையும் கழற்றித் தூரத்தில் வைத்துவிட வேண்டும், ஒரே அறையில்கூட வேண்டாம். பிஸ்டன்களை முழுதாக உள்ளே தள்ளிக் கட்டையைச் செருகி, லீவரை மட்டமாக்கி, 2.5 மில்லிமீற்றர் அலன் கீயால் தாங்கியின் ஆணியைக் கழற்றிப் புனலைப் பூட்டுங்கள். கலிப்பரில் காற்றெடுப்பதற்கென இருக்கும் முலையில் (நிப்பிள்) ஒயில் நிரப்பிய சிரிஞ்சை மாட்டி, 7 மில்லிமீற்றர் ஸ்பானரால் சற்றுத் திறந்து, கீழிருந்து மேலாக மெதுவாகத் தள்ள வேண்டும். காற்று இயல்பாகவே மேலே ஏறுவது என்பதால் கீழிருந்து தள்ளுவது அதற்குத் துணையாகிறது. புனலில் குமிழி வருவது நின்றதும் முலையை மூடி, லீவரை அழுத்தி விடுங்கள். பிறகு லீவரின் முனையை 30 பாகை மேலும், 30 பாகை கீழும் சாய்த்து அதையே செய்யுங்கள். தாங்கியின் மூலைகளில் ஒளிந்திருக்கும் காற்று அப்போதுதான் வெளிவரும், பலர் விட்டுவிடுவதும் இந்தப் படியைத்தான். புனலை எடுக்கும்போது தாங்கி வாய்வரை நிரம்பியிருக்க வேண்டும்.

சமதரையிலேயே ஓடும் வண்டிக்கு ஒயிலின் கொதிநிலை பெரிய விடயமில்லை. செங்கலடியில் இருந்து பதுளைக்குப் போகும் ஏ5 வீதியில் மலையேறித் திரும்புபவர்களுக்கும், மகியங்கனையின் 18 வளைவுகளில் இறங்குபவர்களுக்கும் அது பெரிய விடயம். டொட் 4 திரவம் புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது நியமம். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155. மினரல் ஒயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் எப்படியோ உள்ளே போன நீர் கலக்காமல் தனியாகப் பிரிந்து, தொகுதியின் மிகத் தாழ்ந்த இடமான கலிப்பரில் தங்கும், வெப்பம் கூடுதலாக ஏறும் இடமும் அதுவே. 100 பாகையில் அந்த நீர் ஆவியானால் நீண்ட இறக்கத்தின் நடுவில் லீவர் வெறுமையாகும். நீங்கள் வாங்கியது பாவித்த வண்டி, ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்பது தெரியாது. ஆகவே மலைப்பக்கம் போகும் எண்ணம் இருந்தால் காற்று எடுக்கும் அதே தடவையில் பழைய ஒயில் முழுவதையும் வெளியேற்றிவிடுங்கள்.

இந்தப் பதில் வந்து சேர முன்னரே டொட் 4 ஊற்றப்பட்டுவிட்டது என்றால், மினரல் ஒயிலால் கழுவி எடுத்தால் தப்பிவிடும் என்று நம்பி வண்டியை ஓட்ட வேண்டாம். லீவரும் குழாயும் கலிப்பரும் கெட்டதாகவே கொள்ள வேண்டும். கைப்பிடியிலும் சட்டத்திலும் சிந்திய டொட் திரவம் பெயின்ரையும் அரிக்கும் என்பதால் உடனே தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள். எம்.டி.200 பிறேக், ஒயில் நிரப்பிக் காற்றெடுத்து, லீவர் முதல் கலிப்பர் வரை பூட்டிய ஒரே தொகுதியாக விற்கப்படுகிறது. தனித்தனிப் பாகங்கள் வாங்கிச் சேர்ப்பதைவிட அது வசதியானது. வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியில் பின் பிறேக்கின் லீவர் வலக்கைப் பக்கமா இடக்கைப் பக்கமா என்பதையும், லீவரில் இருந்து கலிப்பர் வரை குழாயின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் நீளமாக வந்தால் வெட்டிப் பொருத்தலாம், அப்போது முனையில் இறுகும் பித்தளை வளையத்தையும் உட்செருகியையும் புதிதாகப் போட வேண்டும். குட்டையாக வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.